கதை சொல்லப் போனவர் கேட்டு எழுதிய பாட்டுகள்: ஹக்கார் மலையில் ஒரு நிகழ்வு ஆய்வு

2022 மே 15 அன்று நம் குமரி மண்ணின் மறைசாட்சி தேவசகாயம் ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டார். அந்த நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: பேதுரு பேராலய முகப்பில் அன்று பத்துப் பேருடைய படங்கள் தொங்கின. அதில் ஒருவர் மெலிந்த முகமும் தாடியும் கொண்ட பிரெஞ்சுக்காரர். பெயர் ஷார்ல் தெ ஃபூக்கோ. தத்துவம் படிக்கிறவர்கள் குழம்ப வேண்டாம், மிஷேல் ஃபூக்கோ வேறு ஆள். இவர் போட்டிருந்தது ஒரு வெள்ளை அங்கி. அதன் நெஞ்சில் சிவப்புத் துணியில் ஓர் இதயம், இதயத்தின் மேல் ஒரு சிலுவை.

சகாராவின் நடுவில், ஹக்கார் மலைப்பகுதியில், துவாரெக் என்னும் முஸ்லிம் நாடோடி மக்களிடையே 1905 முதல் 1916 வரை வாழ்ந்தவர் இவர். அவர்களுக்கு நற்செய்தியைச் சொல்ல வேண்டும் என்பதுதான் போனதன் நோக்கம். அவர் இறந்தபோது துவாரெக்குகளில் ஒருவர்கூடக் கிறிஸ்தவராகியிருக்கவில்லை. ஆனால் அவருடைய மேசையில் அந்த மக்களின் 575 பாடல்கள் இருந்தன, ஒரு மாபெரும் அகராதி இருந்தது.

எழுத்தை விட வாயையும் காதையும் நம்பி வாழும் மக்களுக்கு விவிலியத்தைக் கதையாகவே சொல்வது எப்படி என்பது இன்றைக்கு மறைபணியில் ஒரு தனித்துறையாகவே வளர்ந்துவிட்டது. பயிற்சிகள் நடக்கின்றன, கையேடுகள் இருக்கின்றன. அந்தக் கையேடுகளை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஹக்காரில் நடந்ததுதான் ஞாபகம் வருகிறது. கதை சொல்வதற்கு முன்னால் என்ன நடக்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வேறொரு நிகழ்வை நான் அறியேன். எங்கே கோணலாகப் போகும் என்பதும் இதிலேயே இருக்கிறது.

போனவர் யார்

1858-ல் ஸ்ட்ராஸ்பூர்கில் பிறந்தவர். ஆறு வயதுக்குள் தாய் தந்தை இருவரையும் இழந்து தாத்தா வீட்டில் வளர்ந்தார். ராணுவப் பள்ளியில் படித்து அதிகாரியாகி, 1880-ல் அல்ஜீரியாவுக்குப் போனார். இளமையில் கடவுள் நம்பிக்கை சுத்தமாகப் போயிருந்தது. கையில் பரம்பரைச் சொத்து இருந்தது, அதை இஷ்டத்துக்குச் செலவழித்தார்.

1883 ஜூனில், ஐரோப்பியருக்குக் கதவடைத்திருந்த மொராக்கோவுக்குள் யூத ரபியாக வேடமிட்டு நுழைந்தார். உடன் வந்தவர் மர்தொக்கே அபி செரூர் என்ற நிஜமான ரபி. ஏறத்தாழ பதினோரு மாதம் சுற்றினார். யாருக்கும் தெரியாமல் குறிப்பு எடுக்க வேண்டும் என்பதால், ஐந்து சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு குறிப்பேட்டை இடது உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, இரண்டு சென்டிமீட்டர் நீளப் பென்சிலால் நடந்தபடியே எழுதினார். அந்தப் பயணத்துக்காக பாரிஸ் புவியியல் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. எனக்கு அந்தப் பதக்கத்தை விட அந்தப் பென்சில்தான் முக்கியமாகப் படுகிறது. பின்னால் துவாரெக் கூடாரங்களில் உட்கார்ந்து பாட்டுகளை எழுதியதும் அதே கைதான்.

மொராக்கோவில் இன்னொன்றும் நடந்தது. வேலையை நிறுத்திவிட்டுத் தொழுகிற மனிதர்களைப் பார்த்தார். கடவுள் எப்போதும் தங்கள் முன் இருக்கிறார் என்பதுபோல அவர்கள் வாழ்ந்தது அவரை உள்ளுக்குள் ஆட்டிப்போட்டது. இஸ்லாம் தனக்குள் பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது என்று பிற்காலத்தில் நண்பருக்குக் கடிதமே எழுதினார். 1886 அக்டோபரில் பாரிஸில் ஒரு கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்து திரும்பவும் கிறிஸ்தவரானார். தன் நம்பிக்கைக்குத் திரும்பும் வழியில் முதல் தூண்டுதல் முஸ்லிம்களிடமிருந்துதான் கிடைத்தது என்பதை அவர் மறைக்கவே இல்லை.

அப்புறம் துறவு மடம், சிரியாவில் சில ஆண்டுகள், நாசரேத்தில் ஒரு கன்னியர் மடத்தில் வேலைக்காரர், 1901-ல் குருப்பட்டம். அந்த ஆண்டு அக்டோபரிலேயே அல்ஜீரியாவின் பெனி அப்பேஸ் என்ற பாலைவனச் சோலைக்குப் போய்க் குடியேறினார். அங்கே அடிமைகளைக் காசு கொடுத்து விடுவித்தார், அடிமை முறையைக் கண்டும் காணாமல் இருந்த பிரெஞ்சு அதிகாரிகளைக் கண்டித்து எழுதினார். ஏழைகளுக்கு நற்செய்தியைச் சின்னச் சின்ன உரையாடல்களாகச் சொல்ல ஒரு பாடநூலும் தயாரித்தார். அதில் அவரே பேசுகிறார், கேட்பவர் கேட்கிறார். அந்தக் கட்டத்தில் அவர் எண்ணமும் அப்படித்தான் இருந்தது.

கேட்டவர்கள் யார்

ஹக்கார் துவாரெக்குகள் பேசுவது தமாஹக். ஒட்டகமும் வெள்ளாடும் மேய்த்து, மழை பெய்த இடம் தேடிப் போகிறவர்கள். ஆண்கள் முகத்தை முக்காட்டால் மூடுவார்கள், பெண்கள் மூடுவதில்லை. கூடாரம் பெண்ணுடையது. வம்சமும் தலைமையும் தாய்வழியாகப் போயின. சமூகத்தில் மேலே பிரபுக் குலங்கள், கீழே அவர்களுக்குக் கப்பம் கட்டும் ஆடு மேய்க்கும் குலங்கள், கொல்லர்கள், தோட்டம் பயிரிடுவோர், அடிமைகள். ஏற்றத்தாழ்வு கடுமையானது. இதை மறந்துவிட்டு அவர்களை வெறும் பாட்டுப் பாடும் சுதந்திர மனிதர்களாகப் பார்ப்பது தவறு.

எழுத்து அவர்களுக்கு இல்லாமல் இல்லை. திஃபினாக் என்ற பழைய எழுத்து முறை உண்டு. பாறையில் பெயர் பொறிக்கவும், சிறு செய்தி அனுப்பவும் அது பயன்பட்டது. ஆனால் வரலாறு, வம்சம், காதல், போர், ஒருவரை ஒருவர் குத்திக் காட்டுவது, எல்லாமே பாட்டில்தான் போய்ச் சேர்ந்தன. மாலையில் இளைஞரும் இளம்பெண்களும் கூடுவார்கள், அந்தக் கூட்டத்துக்கு அஹால் என்று பெயர். ஒரு பெண் இம்ஸாத் வாசிப்பாள். சுரைக் குடுக்கைமேல் தோல் போர்த்தி ஒரே ஒரு நரம்பு கட்டிய வாத்தியம் அது. இம்ஸாத் என்றாலே மயிர் என்று பொருள், குதிரை மயிர்தான் அந்த நரம்பு. போரிலிருந்து புறமுதுகிட்டு வந்தவனுக்கு இம்ஸாத் கேட்கும் தகுதி போய்விடும் என்பார்கள். ஒரு பாட்டில் இழிவாக வந்துவிட்டால் அந்தப் பெயர் மறையாது.

ஆக இவர்கள் கதைக்காகக் காத்துக்கிடந்தவர்கள் இல்லை. கூடாரம் கூடாரமாகக் கதையும் பாட்டும் நிறைந்திருந்தன. மறைபணிக் கையேடுகளில் 'வாய்மொழி மக்கள்' என்று எழுதும்போது ஏதோ ஒரு வெற்றுப் பாத்திரத்தைச் சொல்வதுபோல ஒரு தொனி வந்துவிடுகிறது. அந்தத் தொனியை நான் ஏற்கவில்லை. பாட்டை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் சொல்லை எடைபோடுவதில் நம்மைவிடக் கறாரானவர்கள்.

அவர்கள் முஸ்லிம்கள். பெண்கள் முகம் மூடாததையும், பள்ளிவாசல்கள் அரிதாக இருந்ததையும் பார்த்துவிட்டு, இவர்கள் பெயருக்குத்தான் முஸ்லிம்கள் என்று ஐரோப்பியர் பலர் நினைத்தார்கள். ஃபூக்கோவும் முதலில் அப்படித்தான் நினைத்தார். அது பிழை. ஹக்கார் தலைவரான மூசா அக் அமஸ்தான், தெற்கே இருந்த பாய் அல்-குந்தி என்ற மார்க்க அறிஞரைக் குருவாகக் கொண்டவர். தம் மக்களிடையே மார்க்கக் கல்வியை வேரூன்றச் செய்ய விரும்பியவர். ஃபூக்கோ அங்கே குடியிருந்த அதே ஆண்டுகளில், அவர் கண்ணெதிரிலேயே இஸ்லாம் அந்த மக்களிடம் இன்னும் ஆழமாக இறங்கிக்கொண்டிருந்தது.

காகிதத்தில் எழுதிய நற்செய்தி

1904-ல் தன் பழைய ராணுவத் தோழரான லப்பெரின் நடத்திய சுற்றுப்பயணத்தோடு சேர்ந்து தெற்கே போனார். போகும்போதே தமாஹக் கற்றார், கற்கக் கற்க நற்செய்திப் பகுதிகளை அதில் எழுதத் தொடங்கினார். மொழியின் வாசலில் நின்றுகொண்டே மொழிபெயர்ப்பு. ஆர்வம் புரிகிறது. 1905 ஆகஸ்டில் தமன்ராசெத்தில் குடியேறினார். இன்று அது பெரிய நகரம். அன்று இருபது குடிசைகள் இருந்திருக்கலாம். கல்லும் மண்ணுமாக அவர் கட்டிக்கொண்ட வீடு நீளமாகவும் மிகக் குறுகலாகவும் இருந்தது, கப்பல் என்றே பெயர் வந்துவிட்டது.

அடுத்த ஆண்டு, தமாஹக் சேர்ந்த பெர்பெர் மொழிக் குடும்பத்தை அறிந்த மொத்திலின்ஸ்கி என்ற அறிஞர் வந்து தங்கி வேலை செய்தார். 1907-ல் அவர் இறந்துபோனார். பிறகு அவர்கள் சேர்ந்து செய்த இலக்கணமும் சொற்தொகுப்பும் வெளியானபோது, மொத்திலின்ஸ்கியின் பெயரில்தான் வர வேண்டும் என்று ஃபூக்கோ பிடிவாதமாக இருந்தார்.

மொழியில் இறங்க இறங்க, முன்னால் எழுதிய நற்செய்தி எவ்வளவு மேலோட்டம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு சொல்லைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நமக்கும் இது விளங்கும்.

ஹஜ்ஜுப் பெருநாளில் ஆடு அறுத்துக் குர்பானி கொடுப்பதைத் துவாரெக்குகள் தஃபஸ்கே என்பார்கள். மொழியறிஞர்கள் இந்தச் சொல்லின் வேரை பாஸ்கா என்ற பழைய கிறிஸ்தவச் சொல்லுக்குக் கொண்டுபோகிறார்கள். இஸ்லாம் வருவதற்கு முன் வட ஆப்பிரிக்கக் கடற்கரையில் இலத்தீன் பேசும் திருச்சபை இருந்தது, புனித அகுஸ்தீன் வாழ்ந்த மண் அது. அந்தத் திருச்சபை மறைந்துபோனது, சில சொற்கள் மட்டும் பெர்பெர் மொழிகளில் தங்கி பாலைவனத்துக்குள் போய்விட்டன. வானதூதருக்கு அஞ்ஜெலுஸ், பாவத்துக்கு அபெக்காட் என்ற சொற்களும் இலத்தீனிலிருந்து போனவையே. புனித வாரத்தில் இரவு முழுக்கப் பாஸ்கா நாடகம் நடக்கும் நம் ஊர்களில் பிறந்த எவருக்கும் இதைப் படித்தால் ஒரு சிலிர்ப்பு வரும். எனக்கு வந்தது.

சரி, இப்போது ஆபிரகாம் மகனைப் பலியிடப் போன கதையைத் துவாரெக் கூடாரத்தில் சொல்ல வேண்டும் என்று வையுங்கள். அந்தக் கதை அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஆண்டுதோறும் ஆடு அறுக்கும் நாளே இப்ராஹீம் நபியின் நினைவில்தான். தொடக்கநூலில் மகனின் பெயர் ஈசாக்கு. குர்ஆனில் அந்த இடத்தில் பெயர் இல்லை, ஆனால் முஸ்லிம்களில் பெரும்பாலோர் நம்புவது இஸ்மாயீல் என்று. தமாஹக்கில் பலிக்கான சொல்லோ ஒரு காலத்தில் கிறிஸ்தவர்கள் சொன்னது, இப்போது முழுக்க முழுக்க முஸ்லிம் சொல். சொல்பவர் வாயைத் திறந்த அந்த நொடியிலேயே இவ்வளவும் நடுவில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. இதெல்லாம் தெரியாமல் சொல்பவருக்குக் கேட்பவர் முகத்தில் என்ன ஓடுகிறது என்றே தெரியாது.

பாட்டுக்குக் காசு

1907-ல் திருப்பம் வந்தது. ஒரு ராணுவச் சுற்றுப்பயணத்தோடு நாடோடிக் குழுக்கள் கூடாரமடித்திருந்த பகுதிகளுக்குப் போனபோது, பாட்டு சொல்பவர்களுக்குக் காசு தருவதாக அறிவித்தார். அடிக்கு இவ்வளவு என்று கணக்கு. பெண்கள் வந்தார்கள், குழந்தைகள் வந்தார்கள். கூடாரத்தின் கீழ் உட்கார்ந்துகொண்டு மணிக்கணக்கில் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினார்.

காசு கொடுத்து வாங்கியது என்று இதைச் சிலர் குறைத்துப் பேசலாம். நான் அப்படி நினைக்கவில்லை. பஞ்சத்தில் இருந்த மக்கள். பிச்சையாகக் கொடுத்தால் வாங்குகிறவர் தலைகுனிய வேண்டும், பாட்டுக்காகக் கொடுத்தால் வாங்குகிறவள் புலவர், கொடுக்கிறவர் கடன்பட்டவர். பத்து அடி பாட்டைத் தெரிந்து வைத்திருந்த ஒரு மூதாட்டி அன்று அந்தப் பிரெஞ்சுப் பாதிரியாருக்கு வாத்தியாராக இருந்தாள்.

எழுதிய முறையைப் பார்க்க வேண்டும். பாட்டின் மூல வரிகள், சொல்லுக்குச் சொல் பொருள், பிறகு இயல்பான மொழிபெயர்ப்பு. அதோடு பாடியவர் யார், எந்தக் குலம், எந்தச் சந்தர்ப்பத்தில் பாடினார், என்ன சந்தம் என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு. நம் சங்கப் பாடல்களுக்கு அடியில் நிற்கும் கொளு என்ற குறிப்பு மாதிரி, ஆனால் அதைவிட விரிவாக. மூசாவின் செயலாளரான பா ஹம்மூ நாள்கணக்கில் உடன் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லையும் பிரித்துக் காட்டினார். மூசாவின் உறவுப் பெண்ணும் ஹக்காரே கொண்டாடிய கவிஞருமான தஸ்ஸீன், இம்ஸாத் வாசிப்பில் பேர்பெற்றவர், அவரும் உதவினார். ஃபூக்கோ நாளுக்குப் பத்து மணி நேரம் வரை இந்த வேலையிலேயே மூழ்கியிருந்தார்.

பக்தி நூல் எழுத வந்த துறவி, காதல் பாட்டையும் ஒட்டகத்தைப் புகழும் பாட்டையும் எதிரியைக் கிண்டல் செய்யும் பாட்டையும் ஒரு வரி விடாமல் எழுதியிருக்கிறார். தனக்குப் பிடிக்காததை வெட்டவில்லை. கேட்பது என்றால் அதுதான்.

ஆட்டுப்பால்

1907-ன் கடைசியில் ஹக்காரில் பஞ்சம். பதினேழு மாதமாக மழை இல்லை. ஆடுகள் மடி வற்றிப்போயின. நாடோடிக்குப் பால் போனால் சாப்பாடே போன மாதிரி. ஃபூக்கோ தன்னிடம் இருந்த தானியத்தைப் பக்கத்தில் இருந்தவர்களுக்குப் பங்கிட்டார். அந்தக் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அவரால் திருப்பலிகூட நிறைவேற்ற முடியவில்லை. பதில் சொல்ல இன்னொரு கிறிஸ்தவர் இருந்தால்தான் பூசை செய்யலாம் என்பது அன்றைய சட்டம், அவரைத் தவிர அங்கே கிறிஸ்தவரே இல்லை.

1908 ஜனவரி 20 அன்று படுத்துவிட்டார். ஊட்டச்சத்து இல்லாமல் உடம்பு உடைந்துபோனது. கொஞ்சம் அசைந்தாலும் மூச்சு வாங்கியது. சாவு வந்துவிட்டது என்றே நினைத்தார்.

துவாரெக்குகள் என்ன செய்தார்கள் என்பதை அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். சுற்றிலும் நான்கு கிலோமீட்டருக்குள் எந்த ஆட்டில் சொட்டுப் பால் இருந்தாலும் தேடிப் பிடித்துக் கறந்து கொண்டுவந்தார்கள். தங்கள் பிள்ளைகளுக்கே இல்லாத காலத்தில். அந்தப் பாலில்தான் பிழைத்தார்.

அதுவரை அவர் கொடுப்பவர். மருந்து, ஊசி, துணி, தானியம், அறிவுரை எல்லாம் அவர் கையிலிருந்து போனது. வாங்கும் கை எப்போதும் கீழேதான் இருக்கும். அந்த ஜனவரியில் முதன்முறையாக அவர் கை கீழே போனது. பாலை வாங்கிக் குடித்தவர் அந்தக் கூடாரத்துக்கு அந்நியர் இல்லை, விருந்தாளி. விருந்தாளியின் பேச்சுக்கு அங்கே காது உண்டு. வாய்மொழியாகக் கதை சொல்வதைப் பற்றி நான் படித்த எதிலும் இந்த ஒரு விஷயத்துக்குப் போதிய இடம் இல்லை. எந்தக் கதையை முதலில் சொல்வது, எத்தனை நிமிடம், என்ன கேள்வி கேட்பது என்பதெல்லாம் இருக்கிறது. சொல்கிறவர் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார் என்பது இல்லை. அச்சிட்ட புத்தகத்துக்கு ஆசிரியர் யாரென்று தெரியாமலே வாசிக்கலாம். வாயால் வரும் கதைக்கு அந்த வசதி கிடையாது, அது சொல்கிறவரின் முகத்தோடுதான் வரும்.

அதற்குப் பிறகு அவர் கடிதங்களின் தொனியே மாறியது. தான் விதைக்கக்கூட வரவில்லை, நிலத்தைத் திருத்த வந்தவன் என்ற எண்ணம் உறுதிப்பட்டது. மனமாற்றம் என்றால் அது பல தலைமுறை வேலை என்று எழுதினார். அவரோடு சில காலம் தமன்ராசெத்தில் இருந்த ஒரு புரட்டஸ்தாந்து மருத்துவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார்: துவாரெக்குகளை ஒரே மூச்சில் மதம் மாற்ற நான் இங்கே இல்லை, அவர்களைப் புரிந்துகொள்ள முயல்கிறேன், நல்லவர்களாக வாழ்ந்தால் கடவுள் நம் எல்லாரையும் ஏற்றுக்கொள்வார் என்ற பொருளில் ஃபூக்கோ தன்னிடம் சொன்னதாக. 1858-ல் பிறந்த ஒரு கத்தோலிக்கக் குரு வாயிலிருந்து இந்தப் பேச்சு வந்தது சாதாரணம் இல்லை.

இன்றைய முறையோடு வைத்துப் பார்த்தால்

இன்று பரவலாக இருக்கும் முறையின் ஊற்றுகளில் ஒன்று பிலிப்பைன்ஸின் பலவான் தீவு. அங்கே வேலை செய்த ட்ரெவர் மெக்கில்வெய்ன் என்ற மறைபணியாளர், முன்பே ஞானஸ்நானம் பெற்றிருந்த மக்கள் நற்செய்தியின் அடிப்படையையே வேறு மாதிரி புரிந்து வைத்திருந்ததைக் கண்டார். அதனால் படைப்பிலிருந்து தொடங்கி வரிசையாகக் கதைகளைச் சொல்லிக் கிறிஸ்துவிடம் வந்து சேரும் ஒரு பாதையை அமைத்தார். 2004-ல் தாய்லாந்தின் பட்டாயாவில் நடந்த, லோசான் என்ற உலகளாவிய நற்செய்தி இயக்கத்தின் மாநாட்டில் வாய்வழியாகக் கற்பவர்களுக்கென்றே ஒரு குழு கூடியது. அதன் பிறகு இது வேகம் பிடித்தது. காகிதம் இல்லை, தாய்மொழி மட்டும். கதையைச் சொல்வது, கேட்டவர்களைத் திருப்பிச் சொல்ல வைப்பது, பிறகு அதைப் பற்றிப் பேசுவது.

முஸ்லிம் நாடோடிகளிடம் போகும்போது ஆதம், நூஹ், இப்ராஹீம், யூசுப், மூசா, தாவூத் என்று இருவருக்கும் பொதுவான நபிமார்களில் தொடங்குகிறார்கள். அது இயல்பான வாசல்தான். யூசுப் கதைக்குக் குர்ஆனில் ஒரு முழு அத்தியாயமே இருக்கிறது, மர்யம் பெயரிலும் ஓர் அத்தியாயம் உண்டு. ஆனால் வாசல் பொது என்பதால் வீடும் பொது என்று ஆகிவிடாது. ஈசா நபி சிலுவையில் அறையப்படவில்லை என்பது முஸ்லிம்களின் உறுதியான நம்பிக்கை. கடவுளுக்கு மகன் என்ற சொல்லே அவர்களுக்கு நெஞ்சில் முள். பொதுவான கதைகளைப் பத்து மாலை சொல்லிவிட்டு, பதினோராவது மாலை திடீரென்று திசை திருப்பினால், கேட்டவருக்கு ஏமாற்றப்பட்ட உணர்வுதான் வரும். சொல்பவர் தான் யார், எங்கே போகிறார் என்பதை முதல் மாலையே சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து. ஃபூக்கோ விஷயத்தில் அந்தக் குழப்பம் இல்லை. நெஞ்சில் சிலுவை தைத்த அங்கியோடு நடமாடியவர். கிறிஸ்தவ மராபூ, அதாவது இறையடியார், என்றே எல்லாரும் அழைத்தார்கள்.

பலவான் முறையில் ஒரு நல்ல அம்சம் உண்டு, அது ஃபூக்கோவிடம் குறைவு: திருப்பிச் சொல்ல வைப்பது. கதை கேட்டவன் வாயில் போய்த் தன் வடிவத்தை எடுக்கும்போதுதான் அது அவனுடையதாகிறது. ஃபூக்கோவிடமோ கேட்ட பாட்டுகள் காகிதத்துக்கு ஏறின, காகிதம் பிரான்சுக்குப் போனது. அவருடைய நற்செய்தியும் காகிதத்திலேயே நின்றது. அவ்வளவு பாட்டு கேட்ட காது, தன் கதையையும் பாட்டாக்கி ஓர் அஹாலில் விடலாமே என்று யோசித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. நம் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் குறவஞ்சியில் பெத்லகேமைக் கொண்டுவந்தது 1800-ல். ஆனால் அவர் தமிழ் மண்ணிலேயே பிறந்தவர், குறவஞ்சி அவர் வீட்டுச் சொத்து. வெளியிலிருந்து வந்தவர் அந்த உரிமையை எடுத்துக்கொள்ளாமல் இருந்ததில் ஒரு நாகரிகமும் இருக்கிறது.

துப்பாக்கி

இந்த ஆய்வில் தவிர்க்கவே கூடாத பகுதி இது. 1902 மே மாதம் தித் என்ற இடத்தில் பிரெஞ்சுத் தலைமையிலான படை ஹக்கார் துவாரெக்குகளைத் தோற்கடித்தது. ஏராளமான வீரர்கள் ஒரே நாளில் செத்தார்கள். அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, அதே ராணுவத்தின் பயணத்தோடுதான் ஃபூக்கோ அந்த மண்ணுக்கு வந்தார். லப்பெரின் அவருடைய நெருங்கிய நண்பர். அதிகாரிகளுக்கு நாட்டு நிலவரத்தைக் கடிதங்களில் எழுதினார். பிரெஞ்சு ஆட்சி நன்மை தரும் என்று உண்மையாகவே நம்பினார், அந்த ஆட்சியின் அநியாயங்களைக் கடுமையாகத் திட்டவும் செய்தார். இரண்டும் ஒரே மனிதர்தான்.

பாட்டு சொல்ல வந்த பெண்களில் தித்தில் அண்ணனையோ கணவனையோ பறிகொடுத்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் எதிரில் உட்கார்ந்தவர் முன்னாள் ராணுவ அதிகாரி. எவ்வளவு அன்பான முகமாக இருந்தாலும், பின்னால் ஒரு படை நிற்கிறது. அந்தப் படையின் நிழலில் சொல்லப்படும் எந்தக் கதைக்கும் ஆம் என்று தலையாட்டுவதும் இல்லை என்று மறுப்பதும் சுதந்திரமான பதில் ஆகாது. ஒருவரும் மதம் மாறவில்லை என்பதை நான் அவருடைய தோல்வியாகப் பார்க்காததற்கு இதுவும் காரணம். அந்தச் சூழ்நிலையில் நூறு பேர் மாறியிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

முதல் உலகப் போர் பாலைவனம் வரை வந்தது. கிழக்கேயிருந்து, லிபியாவில் வேரூன்றிய செனூசி என்ற இஸ்லாமிய இயக்கத்தைச் சார்ந்த கொள்ளைக் குழுக்கள் வரலாம் என்ற பயத்தில், ஊர் மக்கள் ஒதுங்கிக்கொள்ள ஒரு சிறு கோட்டை கட்டினார். அதற்குள் துப்பாக்கிகளையும் வைக்க இசைந்தார். 1916 டிசம்பர் 1, மாலை. அவருக்குப் பழக்கமான ஒருவனே வெளியே நின்று தபால் வந்திருப்பதாகக் குரல் கொடுத்தான். கதவைத் திறந்து கையை நீட்டினார். கூட வந்திருந்த கொள்ளைக் குழுவினர் அவரை இழுத்து வெளியே போட்டுக் கட்டினார்கள். சற்று நேரத்தில் இரண்டு ஒட்டகப்படை வீரர்கள் அந்தப் பக்கம் வர, காவலுக்கு நிறுத்தப்பட்டிருந்த இளைஞன் பதறிப்போய்ச் சுட்டுவிட்டான். குரலை நம்பிக் கதவைத் திறந்தவர் அந்தக் குரலாலேயே செத்தார். கோட்டையும் துப்பாக்கியும் இல்லாத பழைய கப்பல் வீட்டில் இருந்திருந்தால் அவரைத் தேடி வந்திருப்பார்களா என்ற கேள்வி என்னை விடுவதில்லை.

பாட்டுத் தொகுப்பின் கடைசிப் பக்கத்தை முடித்து, அதை நாட்குறிப்பில் எழுதியது நவம்பர் 28. மூன்று நாள் இடைவெளி.

பிறகு

பாட்டுகள் 1925-லும் 1930-லும் இரண்டு தொகுதிகளாக வந்தன. அகராதி 1951, 1952-ல் நான்கு தொகுதிகளாக வெளியானது. அச்சுக் கோக்காமல் அவருடைய கையெழுத்தையே படமெடுத்து அச்சிட்டார்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். சேணத்தின் பாகங்கள், கூடாரக் கழிகள், உறவுமுறைகள் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாழ்க்கையே விரியும். துவாரெக் மொழியைப் படிக்கும் எவரும் இன்றும் அதைத் தாண்டிப் போக முடியாது. தித் போரைப் பற்றித் துவாரெக்குகளே பாடியதும் அந்தத் தொகுப்பில் இருக்கிறது. தோற்றவர்களின் குரலை, வென்றவர்களின் நண்பர் எழுதி வைத்தார்.

அவர் உயிரோடு இருந்தபோது ஒரு சீடர்கூட அவரோடு நிலைத்திருக்கவில்லை. 1933-ல் இயேசுவின் சிறிய சகோதரர்கள் சபையும், 1939-ல் சிறிய சகோதரிகள் சபையும் அல்ஜீரியாவிலேயே தொடங்கின. சிறிய சகோதரிகள் சபையைத் தொடங்கிய சகோதரி மக்தலேன் நாடோடிகளின் பக்கத்தில் கூடாரம் போட்டு வாழ்ந்தார். அந்தச் சகோதரிகள் இன்றும் பல நாடுகளில் பிரசங்கம் இல்லாமல் அக்கம்பக்கத்தாரோடு கூலிவேலை செய்து வாழ்கிறார்கள்.

ஃபூக்கோ செத்த செய்தி மூசா அக் அமஸ்தானுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த டிசம்பரிலேயே அவர் பிரான்சில் இருந்த ஃபூக்கோவின் தங்கைக்கு ஒரு கடிதம் அனுப்பினார். நம் நண்பர் இறந்த செய்தி கேட்டு அழுதேன், பெரும் துக்கத்தில் இருக்கிறேன் என்று எழுதினார். மராபூ ஷார்ல் உங்களுக்கு மட்டும் சாகவில்லை, எங்களுக்கும் செத்துப்போனார் என்றார். கடவுள் அவருக்கு இரக்கம் காட்டட்டும், சொர்க்கத்தில் நாம் அவரைச் சந்திப்போமாக என்று கடிதத்தை முடித்திருந்தார்.